கிழக்கு இமயத்தில் ஒரு பற்றுக்கம்பியின் பின்னே

செப்டம்பர் 22: நியூ ஜல்பைகுரியிலிருந்து டார்ஜிலிங்

கசகசாச் செடியின் குடும்பம் என்றால் மெல்லிய செவ்விதழ்களும் விதை நிறைந்த குடுவைக் காயும் பலருக்கு நினைவில் எழும். சற்றே தாவரவியல் பழகியவர்களுக்குத் தரிசு நிலத்தில் முள்ளோடு நிற்கும் பிரமதண்டும், அதன் தண்டை ஒடித்தால் வடியும் மஞ்சள் பாலும் நினைவுக்கு வரலாம். ஆனால் அதே பாப்பாவரேசியே குடும்பத்தில், புதர்களின் மேல் ஏறிப் படர்ந்து மஞ்சள் மலர்க்கொத்துகளைத் தொங்கவிடும் கொடிகளும் இருக்கின்றன. டாக்டிலிகாப்னாஸ் என்பது அத்தகைய கொடிகளின் சிறு பேரினம். அதில் உள்ள சிற்றினங்கள் ஏறத்தாழ ஒரு டஜன் மட்டுமே. இமயமலைச் சரிவுகள், காசி மலைகள், வட மியான்மர், தென்மேற்குச் சீனா, வட வியட்நாம் ஆகியவற்றோடு அதன் உலகம் முடிந்துவிடுகிறது.

இந்தப் பயணத்தில் நான் காண விரும்புபவை இரண்டு. ஒன்று, டார்ஜிலிங், சிக்கிம் மலைகளில் வளரும் டாக்டிலிகாப்னாஸ் ஸ்காண்டென்ஸ். மற்றொன்று, காசி மலைகளில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட டாக்டிலிகாப்னாஸ் டோருலோசா. மழைக்காலம் விலகத் தொடங்கும் செப்டம்பர் இறுதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது: பூவையும் காயையும் ஒரே கொடியில் காணக்கூடிய பருவம் இது. இந்தப் பேரினத்தில் பூவை மட்டும் வைத்துச் சிற்றினத்தைச் சொல்ல முயல்பவர் பெரும்பாலும் திணறுவார். தெளிவான விடையைக் காய்தான் தரும்.

ரயிலிலிருந்து இறங்கி ஷேர் ஜீப்பில் ஏறியதிலிருந்து, குர்சியாங் தாண்டும் வரை, மூடுபனியைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. இன்றைய குறிப்பு இவ்வளவே.

செப்டம்பர் 23: டார்ஜிலிங்

நாள் முழுவதும் மழை. லாயிட் தாவரவியல் பூங்காவுக்குள் குடையோடு சென்று வந்தேன். 1878இல் வில்லியம் லாயிட் என்பவர் அளித்த நிலத்தில் உருவான பூங்கா இது. பயணிகள் பெரும்பாலும் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடும் இந்த இடம், கிழக்கு இமயத்தின் மரங்களைப் பெயரோடு பழகிக்கொள்ள நல்ல வாசல். நான் தேடி வந்த கொடியைக் காட்டில்தான் காண வேண்டும் என்பதால், மரங்களின் பெயர்ப்பலகைகளை மட்டும் வாசித்துக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

மழை நாளுக்கு ஏற்ற வேலை, இந்தக் கொடி பெயர் பெற்ற வரலாற்றைக் கோவையாக எழுதிவைப்பது. அந்த வரலாறு சற்றுச் சிக்கலானது. நேபாளத்திலிருந்து வந்த உலர்மாதிரிகளைக் கொண்டு டேவிட் டான் 1825இல் ஸ்காண்டென்ஸ் என்னும் சிற்றினப் பெயரை வெளியிட்டார். அடுத்த ஆண்டே, கல்கத்தா தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த டேனிய மருத்துவர் நத்தானியேல் வாலிச், இத்தகைய கொடிகளுக்கென டாக்டிலிகாப்னாஸ் என்னும் தனிப் பேரினத்தையே நிறுவினார். ஆயினும் பின்வந்தவர்கள் அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. தோட்டங்களில் புகழ்பெற்ற இதயவடிவப் பூச்செடிகளை உள்ளடக்கிய டைசென்ட்ரா என்னும் பேரினத்துக்குள் இவற்றைச் சேர்த்துவிட்டார்கள். கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஜான் ஹட்சின்சன் 1921இல் வாலிச்சின் பேரினத்தை மீட்டெடுத்தார். அதன் பிறகும் நூல்கள் பலவற்றில் டைசென்ட்ரா என்னும் பெயரே நீடித்தது. 1997இல் மாக்னஸ் லிடேனும் உடன் ஆய்வாளர்களும் பசுங்கணிகத்தின் மரபணுப் பகுதி ஒன்றை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே பழைய டைசென்ட்ரா பல பேரினங்களாகப் பிரிந்தது; டாக்டிலிகாப்னாஸ் தனித்து நிலைபெற்றது.

வாலிச்சின் கண் எதைக் கண்டு இவற்றைப் பிரித்தது என்பதை நாளை காட்டில் நேரில் பார்க்கலாம் என்று நம்புகிறேன். பெயர்ப் பட்டியலைவிட அதுவே எனக்கு முக்கியம்.

செப்டம்பர் 24: கூம், செஞ்சல் காடு

விடியற்காலையில் மழை நின்றது. 2,258 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூம் நிலையம் வரை ஜீப்பில் சென்று, அங்கிருந்து செஞ்சல் காட்டை நோக்கி நடந்தோம். 1915இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டின் ஏரிகளிலிருந்துதான் டார்ஜிலிங் நகரத்துக்குத் தண்ணீர் போகிறது. சாலையை ஒட்டிய பகுதிகளில் ஜப்பானிலிருந்து கொண்டுவந்து நட்ட கிரிப்டோமீரியா மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இங்குள்ளவர்கள் அவற்றைத் தூபி என்கிறார்கள். தூபிக் காட்டின் தரையில் இருள் மண்டிக் கிடக்கிறது. ஏறுகொடிகளுக்கு அங்கே அதிக வேலை இல்லை. ஓக், மக்னோலியா முதலிய இயற்கை மரங்கள் மிஞ்சியிருக்கும் இடங்களிலும், மண் சரிந்து வெயில் விழும் ஓரங்களிலும் மட்டுமே கண்ணைக் கூர்மையாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் கொடி, நேபாளியில் சிஸ்னு எனப்படும் காட்டுக் காஞ்சொறிப் புதரின் மேல் படர்ந்திருந்தது. தொட்டால் தோல் எரியும் செடியை ஏணியாகத் தேர்ந்தெடுத்திருந்ததால் அருகே செல்வது எளிதாக இல்லை. உடன் வந்த ஓட்டுநரை, இங்குள்ள வழக்கப்படி, தாஜு என்று அழைத்து ஒரு குச்சி கேட்டேன்; அவர் புதரை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, "மஞ்சள் பூவா? இது வேலிகளில்கூட வருமே, இதற்காகவா இவ்வளவு தூரம்?" என்றார். அவருடைய வியப்பில் நியாயம் இருந்தது. இந்தக் கொடி அரியதல்ல. 1,500 மீட்டருக்கு மேற்பட்ட ஈரச் சரிவுகளில் பழகிய கண்ணுக்கு அடிக்கடி தென்படக்கூடியதே. யாரும் நின்று பார்ப்பதில்லை என்பதே உண்மை.

பூவிலிருந்து தொடங்குகிறேன். இலைக்கு எதிர்ப்புறமாக எழும் துணரில் பல பூக்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீளம். வெளிர் மஞ்சள் நிறம். தலைகீழாகத் தொங்கவிட்ட சுருக்குப்பையைப் போல, காம்பை ஒட்டிய பகுதி இருபுறமும் புடைத்து, கீழ்நோக்கி வரவர ஒடுங்கி, நுனியில் மட்டும் இரு சிறு உதடுகளாக விரிகிறது. இதழ்கள் நான்கு. வெளியே தெரியும் இரண்டும் அடியில் புடைத்துப் பையாகின்றன. உள்ளே இருக்கும் இரண்டும் நுனியில் ஒட்டிக்கொண்டு, சூல்முடியையும் மகரந்தப் பைகளையும் முக்காடிட்டு மூடுகின்றன. மகரந்தத்தாள்கள் ஆறு, மூன்று மூன்றாக இரு கட்டுகள். புல்லி இதழ்கள் இரண்டும் மிகச் சிறியவை, விரைவில் உதிர்ந்துவிடுபவை. பூவை நெடுக்கில் இரண்டு விதமாகப் பிளந்தாலும் சமமான பாதிகள் கிடைக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த, ஒரு பக்கம் மட்டும் வால் நீண்ட கோரிடாலிஸ் பூக்களிலிருந்து இதைப் பிரித்தறிய இந்தச் சமச்சீர் ஒன்றே போதுமானது.

பம்பிள் தேனீ ஒன்று வந்து பூவின் நுனியைப் பற்றித் தலைகீழாகத் தொங்கியது. அதன் எடையில் உள்ளிதழ்களின் முக்காடு ஒருபுறம் நகர்ந்து, மூடியிருந்த மகரந்தம் அதன் உடலில் ஒட்டியிருக்க வேண்டும். தேனீ விலகியதும் முக்காடு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மழையில் நனையாமல் மகரந்தத்தைக் காக்கவும், எடையுள்ள வண்டுக்கு மட்டும் திறக்கவும் அமைந்த ஏற்பாடு இது. ஆனால் எல்லா விருந்தினரும் வாசல் வழியாக வருவதில்லை. பூக்களில் பலவற்றின் மேற்புடைப்பில், தேன் சேரும் இடத்துக்கு நேராக, சிறு துளைகள் இருந்தன. நாக்கு நீளம் போதாத பூச்சிகள் வெளியிலிருந்து கடித்துத் தேனை மட்டும் உறிஞ்சிச் செல்லும் இந்தத் திருட்டு, நீண்ட பைகளில் தேனை ஒளித்துவைக்கும் பூக்கள் பலவற்றிலும் நடப்பதுதான்.

பூவை இவ்வளவு விவரித்த பிறகும், இந்தப் பேரினத்தின் உயிர்நாடி பூவில் இல்லை என்பேன். அது இலையின் நுனியில் இருக்கிறது. கூட்டிலை மும்மூன்றாகப் பிரிந்து சிற்றிலைகளைத் தாங்குகிறது. அடியில் இருப்பவை முழுமையான பச்சைச் சிற்றிலைகள். நுனிக்குச் செல்லும்போது சிற்றிலைகள் இருக்க வேண்டிய இடத்தில் இழைபோன்ற பற்றுக்கம்பிகள் கிளைத்து நிற்கின்றன. நம் செங்காந்தளிலும் இலையின் நுனியே சுருண்டு பற்றுவதை அறிவோம்; அங்கே ஒற்றை இலை அகலம் குறுகி நீள்கிறது, இங்கே நுனிச் சிற்றிலைகள் தம் பரப்பை முற்றிலும் இழந்து கம்பியாகிவிட்டன. கொடியைக் கைவில்லையில் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒளியைப் பிடிப்பதற்கென்று உருவான உறுப்பு அந்த வேலையைக் கைவிட்டுக் கிளையைப் பிடிப்பதற்கு வந்துவிட்டதே என்னும் எண்ணமே மேலோங்கியது.

தண்டின் நுனி ஒன்றைக் கிள்ளிப் பார்த்தேன். பிரமதண்டுக்கும் அபினிச் செடிக்கும் உரிய பால் வரவில்லை. தெளிந்த நீர்ச்சாறே கசிந்தது. கசகசாக் குடும்பத்துக்குள் இந்தக் கிளை பியூமேரியா உட்குடும்பத்தைச் சேர்ந்தது. முன்பு இதைத் தனிக் குடும்பமாகவே வைத்திருந்தார்கள். பால் இல்லாமையும் இதழ்களின் விந்தையான அமைப்பும் அதற்குக் காரணங்கள்.

செப்டம்பர் 25: டார்ஜிலிங்கிலிருந்து யுக்சம்

செங்குத்தான தேயிலைத் தோட்டங்களின் ஊடாக இறங்கி, ரங்கீத் ஆற்றைக் கடந்து ஜோர்தாங் வழியாகச் சிக்கிமுக்குள் நுழைந்து, லெக்ஷிப், தாஷிடிங் ஆகிய ஊர்களைத் தாண்டி மாலையில் யுக்சம் வந்து சேர்ந்தோம். வழியெங்கும் உத்திஸ் எனப்படும் ஆல்டர் மரங்களின் நிழலில் பெரிய ஏலக்காய்த் தோட்டங்கள். இரண்டு இடங்களில் நிலச்சரிவுக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

1642இல் சிக்கிமின் முதல் சோக்யால், அதாவது மன்னர், முடிசூடிய ஊர் இது. முடிசூட்டு மேடையை அந்தி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, நாளைய நடைக்கான அனுமதிச் சீட்டையும் வழிகாட்டியையும் உறுதி செய்துகொண்டேன். இரவில் மீண்டும் மழை.

செப்டம்பர் 26: யுக்சம் – சாச்சென் பாதை

காஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவுக்குள் செல்லும் மலையேற்றப் பாதையின் முதல் பகுதியில் மட்டும் நடந்து திரும்புவது இன்றைய திட்டம். 2016இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவுக்கு வருபவர்கள் அநேகமாகப் பனிச்சிகரங்களை நோக்கி விரைகிறார்கள். நாங்களோ சுமார் 1,780 மீட்டரில் தொடங்கி 2,200 மீட்டர் வரை, சாச்சென் என்னும் ஓய்விடத்தை நோக்கி, நத்தை வேகத்தில் ஊர்ந்தோம். வழிகாட்டியாக வந்த இளைஞர் முதல் மணி நேரத்தில் பொறுமையிழந்தார். பிறகு என்ன தேடுகிறேன் என்பது புரிந்ததும், எனக்கு முன்னால் சென்று கொடிகளைக் கண்டுபிடித்துக் கூவி அழைக்கத் தொடங்கினார்.

பாதையில் அட்டைகள் மிகுதி. காலுறைக்குள் உப்பும் புகையிலைத்தூளும் தூவிக்கொண்டிருந்தும் பலனில்லை. ஆனால் அந்த ஈரமே இந்தக் கொடியின் செல்வம். நடைபாதை வெட்டியதால் காட்டின் கூரை திறந்து வெயில் விழும் இடங்களில், நீரோடைகளின் குறுக்கே கட்டிய பாலங்களின் இரு கரைகளிலும், ஸ்காண்டென்ஸ் புதர்களின் தோளேறி ஆளுயரத்துக்கும் மேலே படர்ந்திருந்தது. நன்கு வளர்ந்த கொடிகள் 4 மீட்டர் வரை ஏறக்கூடியவை. தண்டு ஒல்லியானது, தன்னைத் தானே தாங்கும் மரத்தன்மைக்கு அது எதையும் செலவிடவில்லை. அண்டையில் நிற்கும் செடியின் உறுதியைக் கடன் வாங்கிக்கொண்டு, மிச்சமான பொருளையெல்லாம் நீளத்துக்கும் பூவுக்கும் செலவிடுகிறது.

பாலத்தருகே ஒரு பாறையில் அமர்ந்து, நெடுநாளாகச் செய்ய எண்ணியிருந்த சிறு சோதனையைச் செய்தேன். இதற்கு ஒரு முன்கதை உண்டு. சார்லஸ் டார்வின் ஏறும் தாவரங்களின் அசைவுகளையும் பழக்கங்களையும் பற்றி 1865இல் ஆய்வுக் கட்டுரையாகவும், 1875இல் விரிவாக்கிய நூலாகவும் எழுதியபோது, இந்தக் கொடியையும் வளர்த்து ஆராய்ந்தார். அப்போது அதற்கு டைசென்ட்ரா தாலிக்ட்ரிபோலியா என்று பெயர். முழு வளர்ச்சி பெற்ற பற்றுக்கம்பி 5 அங்குலத்துக்கும் மேல் நீள்வதையும், அது இரண்டு, மூன்று, சில வேளைகளில் நான்கு முறைகூடக் கவைபடுவதையும், நுனிகள் கொக்கிபோல் வளைந்து மழுங்கியிருப்பதையும் அவர் குறித்திருக்கிறார். இளஞ்செடியில் இந்தக் கம்பிகள் கிளைகளின் திரிபாகவே தோன்றுகின்றன. அவை இலையின் திரிபுதான் என்பதை அவருக்கு உறுதிப்படுத்தியவர் ஆங்கிலத் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர். 1848இல் டார்ஜிலிங் வந்து இம்மலைகளை நடந்தே அளந்த அதே ஹூக்கர்தான்.

டார்வின் குச்சியால் மெல்லத் தேய்த்த பற்றுக்கம்பியின் நுனிக்கிளைகள் வளைவதற்கு அரைமணி நேரமும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டன. நான் எதையும் பற்றாமல் காற்றில் நீண்டிருந்த ஒரு கம்பியைத் தேர்ந்து, அதன் நுனிக்கிளை ஒன்றின் உட்புறத்தைக் காய்ந்த புல்தண்டால் சில முறை வருடிவிட்டு, அருகே இருந்த மற்றொரு கிளையைத் தொடாமல் விட்டேன். வழிகாட்டி இளைஞர் தம் கைபேசியில் நேரத்தைக் குறித்துக்கொண்டார். முதல் கால் மணி நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் எழுந்து உலாவப் போய்விட்டார். திரும்பி வந்தபோது, வருடிய கிளை தொடாத கிளையிலிருந்து ஐயத்துக்கு இடமின்றி விலகி, வருடிய பக்கமாக வளைந்திருந்தது. நேரத்தைப் பார்த்தோம், முக்கால் மணி நேரம் கடந்திருந்தது. ஓடைக்கரையின் குளிரும் அதைத் தாமதப்படுத்தியிருக்கலாம். தொட்டாற்சிணுங்கியின் உடனடி வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் நரம்பில்லாத ஓர் உறுப்பு, ஒரு பக்கம் தொடப்பட்டதை உணர்ந்து, தொட்ட பக்கமும் மறுபக்கமும் நீள்வதில் வேறுபாட்டை உண்டாக்கி, அதன் வழியே வளைகிறது. பற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லையென்றால் பல மணி நேரத்தில் மீண்டும் நிமிர்ந்துவிடும் என்பதையும் டார்வின் பதிவு செய்திருக்கிறார். அதைப் பார்க்க இரவு தங்க வேண்டும். அனுமதிச் சீட்டு அதற்கு இடந்தரவில்லை.

டார்வினின் அந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது, அவர் இந்தக் கொடியை அதன் உறவினர்களோடு ஒரே வரிசையில் நிறுத்திப் பார்த்த விதம். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அட்லூமியா என்றொரு சிறு பேரினம் உண்டு. அதன் இரண்டு சிற்றினங்களில் ஒன்று அங்கே, மற்றொன்று கொரியா, வடகிழக்குச் சீனா, ரஷ்யாவின் தூரக் கிழக்கு ஆகிய பகுதிகளில். அமெரிக்கச் சிற்றினம் ஈராண்டுச் செடி. முதல் ஆண்டில் தரையோடு இலைவட்டமாக இருந்து, இரண்டாம் ஆண்டில் கொடியாக எழும். அதற்குத் தனிப் பற்றுக்கம்பி கிடையாது. சிற்றிலைகளின் காம்புகளே சுற்றிப் பிடிக்கின்றன. மேற்கு ஐரோப்பாவில் செரட்டோகாப்னாஸ் என்னும் மற்றொரு சிறு பேரினம். டார்வின் காலத்தில் அதன் கொடி கோரிடாலிஸ் கிளாவிகுலேட்டா எனப்பட்டது. அதன் இலையின் அடியில் முழுச் சிற்றிலைகளும், நுனிக்குச் செல்லச் செல்லச் சிறுத்துப் பெயருக்கு மட்டும் இலையாக நிற்பவையும் இருப்பதால், இலையால் ஏறும் நிலையிலிருந்து பற்றுக்கம்பியால் ஏறும் நிலைக்கு நடுவழியில் இருப்பதாக அவர் அதைக் கருதினார். மூன்றாவதாக நம் இமயக் கொடி; இதில் நுனிச் சிற்றிலைகள் குறையற்ற பற்றுக்கம்பிகளாகவே மாறிவிட்டன.

இந்த மூன்றையும் பாட்டி, தாய், மகள் என்று அடுக்கிவிடக் கூடாது. இன்றைய வகைப்பாட்டில் இவை பியூமேரியா உட்குடும்பத்தின் வெவ்வேறு கிளைகளில் அமர்ந்திருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததற்கு இடமில்லை. எனவே இலையைக் கொண்டு ஏறும் வழக்கம் இந்த உட்குடும்பத்துக்குள் தனித்தனியே பல முறை தோன்றியிருக்க வேண்டும் என்றே கொள்கிறேன். ஆயினும் இலை பற்றுக்கம்பியாகும் வழியில் எந்தெந்த நிலைகள் ஒரு செடிக்குப் பயனுள்ளவையாக இருக்க முடியும் என்று கேட்டால், உயிரோடு இருக்கும் இந்த மூன்று பேரினங்களும் சேர்ந்து விடை சொல்கின்றன. டார்வினுக்கு வேண்டியிருந்ததும் அந்த விடையே.

திரும்பும் வழியில் காய்களைப் பார்த்தோம். ஸ்காண்டென்ஸின் காய் முட்டை வடிவம், 2 சென்டிமீட்டர் அளவு, சதைப்பற்றுள்ளது. முற்றியபோது செந்நீலம் ஏறுகிறது. பிளந்து பார்த்தால் உள்ளே கருநிறச் சிறு விதைகள். கசகசாக் குடும்பத்தில் உலர்ந்து வெடிக்கும் காய்களையே பார்த்துப் பழகிய ஒருவர், இதை முதன்முதலில் கண்டால் திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுக்கனி என்று ஒதுக்கிவிடக்கூடும். இளைஞர் அதைத் தின்னலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று தடுத்தேன். இந்தக் குடும்பம் முழுவதும் ஆல்கலாய்டுகள் என்னும் வீரியமிக்க வேதிப்பொருள்கள் நிறைந்தது. புரோட்டோபின் என்பது ஏறக்குறைய எல்லாப் பேரினங்களிலும் காணப்படுகிறது. சீனாவின் யுன்னான் பகுதியில் இந்தக் கொடியின் வேரை வலி போக்கும் மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். அதிலிருந்து ஐசோகோரிடின் முதலிய ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தும் இருக்கிறார்கள். வலியை மாற்றும் அளவுக்கு நரம்பில் வேலை செய்யும் எதையும், அளவு தெரியாமல் வாயில் போடுவது அறிவுடைமை ஆகாது.

செப்டம்பர் 28: சிலிகுரி, குவாஹாத்தி

நேற்று முழுவதும் ஜீப்பிலும், இன்று முழுவதும் ரயிலிலும் கழிந்தது. தீஸ்தா பெருக்கெடுத்து ஓடுகிறது. எழுதுவதற்கு வேறில்லை.

செப்டம்பர் 29: ஷில்லாங்

குவாஹாத்தியிலிருந்து சுமோவில் 100 கிலோமீட்டர் அளவு ஏறி, நண்பகலில் ஷில்லாங் அடைந்தேன். டார்ஜிலிங்கின் செங்குத்துச் சரிவுகளுக்குப் பிறகு காசி மலைகளின் அலையலையான மேட்டுநிலம் கண்ணுக்கு அகலமாக இருக்கிறது. 1850இல் ஹூக்கரும் அவருடைய நண்பர் தாமஸ் தாம்சனும் சிக்கிமை முடித்துக்கொண்டு இங்கேதான் வந்தார்கள். பல மாதங்கள் இந்த மலைகளில் தாவரங்களைத் திரட்டினார்கள். பயண வழியை நான் இப்படி அமைத்ததற்கு அவர்கள் தூண்டுதல் ஓரளவு காரணம்.

1855இல் இருவரும் இணைந்து வெளியிட்ட இந்தியத் தாவரவியல் நூலின் முதல் தொகுதியில்தான் டோருலோசா முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அதையும் டைசென்ட்ராவிலேயே வைத்தார்கள். அந்த முதல் தொகுதியே கடைசித் தொகுதியாகவும் ஆகிவிட்டது. நீண்ட முன்னுரையோடு தொடங்கி, குடும்பம் குடும்பமாக விரிவாக எழுதிச் சென்ற அந்த நூல், பியூமேரியா குடும்பத்தோடு நின்றுபோயிற்று. இன்னும் சில குடும்பங்களுக்கு முன்பே பணம் தீர்ந்து பணி நின்றிருந்தால், இந்தக் கொடிகள் அதில் இடம்பெற்றிருக்காது என்பதை நினைத்தால் அவற்றின் நற்பேறு என்றே சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 30: மாவ்பிளாங் சாலை

மாவ்பிளாங்கின் புனிதத் தோப்பிலிருந்து ஓர் இலையைக்கூட வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்பது காசி மக்களின் உறுதியான மரபு. தோப்புக்குள் வழிகாட்டியுடன் நடந்து, பாசி போர்த்த மரங்களைப் பார்த்துவிட்டு, என் தேடலைத் தோப்புக்கு வெளியே, சாலையோரப் புதர்களுக்கே வைத்துக்கொண்டேன். மழையும் வெயிலும் மாறி மாறி வந்தன. தேநீர்க் கடையில் இருந்த பெண்மணியை, இவ்வூர் முறைப்படி கொங் என்று அழைத்து, கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் படத்தைவிட என் சேறு படிந்த கால்சட்டையைத்தான் அதிகம் கவனித்தார். எனினும், கடைக்குப் பின்னால் இருக்கும் உருளைக்கிழங்கு வயலின் கல்வேலியைக் காட்டி, அங்கே மஞ்சள் பூ உண்டு என்றார்.

அங்கே இருந்தது. முட்புதர் ஒன்றின் மேல், ஸ்காண்டென்ஸைவிட மெல்லிய தண்டோடு, டோருலோசா படர்ந்திருந்தது. அதே சமச்சீர்ப் பூ. அதே கவைபட்ட பற்றுக்கம்பி. துணருக்குச் சில பூக்களே இருந்தன. பூவை மட்டும் கண்டிருந்தால் உறுதியாகச் சொல்லத் தயங்கியிருப்பேன். காய் தயக்கத்தைத் தீர்த்தது. சதைப்பற்றுள்ள முட்டைக்கு மாறாக, ஒல்லியாக நீண்டு, ஒவ்வொரு விதை இருக்கும் இடத்திலும் புடைத்து, விதைகளுக்கு இடையே இறுகியிருந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்தபோது 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்.

இரண்டு சிற்றினங்களும் வாழ்க்கையை நடத்தும் விதமும் வேறு. ஸ்காண்டென்ஸ் பல்லாண்டுக் கொடி. மேலே இருக்கும் தண்டு பட்டுப்போனாலும் வேர் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். டோருலோசாவோ ஓராண்டுக் கொடி. இந்த வேலியில் இப்போது நிற்கும் தண்டும் வேரும் குளிர்காலத்தைத் தாண்டப் போவதில்லை. அதனிடம் எஞ்சுவது விதை மட்டுமே. அப்படிப்பட்ட செடிக்கு ஏறும் வேகம் இன்னும் அவசியம்: ஒரு மழைக்காலத்துக்குள் முளைத்து, புதரின் மேல் தட்டுக்கு வந்து, வெயிலைக் கண்டு, பூத்துக் காய்த்தாக வேண்டும். மரத்தண்டை உருவாக்கிக்கொண்டிருக்க அதற்கு நேரம் இல்லை. இலைநுனியைக் கம்பியாக்கிக்கொண்ட ஏற்பாட்டின் முழுப் பயனையும், பல்லாண்டு வாழும் ஸ்காண்டென்ஸைவிட இந்தச் சிறு கொடியில்தான் தெளிவாகக் கண்டேன். வயல் ஓரம், சாலை வெட்டு, சரிந்த மண் என்று ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டிருக்கும் இடங்களில் இது நன்றாக வளர்வதும் அதோடு பொருந்துகிறது. சாலை அகலப்படுத்தும் வேலை இந்த வழியெங்கும் நடக்கிறது. மண்ணைக் கிளறுவது வரை இந்தக் கொடிக்குக் கவலையில்லை, ஆனால் கிளறிய இடத்தில் சிமெண்டுச் சுவர் எழுந்துவிட்டால் அதற்குப் பிடிக்கப் புதர் ஏது?

கொங் வேலியோரம் வந்து நின்று, இந்தச் செடிக்கு என்ன பயன் என்று கேட்டார். இலை தன் நுனியால் பிடித்துக்கொள்வதைக் காட்டினேன். அவர் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பட்டாணியும் இதைத்தானே செய்கிறது என்றார். அது முற்றிலும் சரி. பட்டாணியின் பற்றுக்கம்பியும் நுனிச் சிற்றிலைகளின் திரிபுதான், குடும்பம்தான் வெகு தொலைவு.

இந்தக் கொடிகளைத் தேடிச் செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகளை எழுதி இன்றைய பதிவை முடிக்கிறேன். ஜூலை முதலே பூக்கத் தொடங்கிவிடும். ஆயினும் காயும் வேண்டுமானால் செப்டம்பர் கடைசி வாரங்களே ஏற்றவை. அடர்ந்த காட்டுக்குள் நெடுந்தூரம் நுழைய வேண்டியதில்லை; காட்டின் ஓரம், பாலத்தின் கரை, கல்வேலி ஆகியவற்றில் தேடுங்கள். யுக்சம் பாதைக்கு அனுமதிச் சீட்டை முந்தைய நாளே பெற்றுக்கொள்ளுங்கள். கைவில்லையும் சிறு அளவுகோலும் போதும். பூவைப் பக்கவாட்டிலும், இலையை அடி முதல் பற்றுக்கம்பி வரை முழுமையாகவும், காயைத் தனியாகவும் படமெடுத்து வாருங்கள். காய் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு சிற்றினம் கேட்டால், தெரிந்தவர்களும் உதட்டைப் பிதுக்குவார்கள்.